தொலைபேசியில் ஒரு நினைவுச் சோதனை: சில வரலாற்றுக் குறிப்புகள்

நம் சங்க மலரில் கல்வெட்டு, இலக்கியம் என்று அறிஞர்கள் எழுதுவது வழக்கம். நான் அறிஞனுமல்ல, மருத்துவனுமல்ல. டில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். என் தாயாருக்கு மறதிநோய் வந்த பிறகு, அந்த நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். அதில் ஒரு பகுதியை, வயதான பெற்றோரை ஊரிலிருந்து இங்கே அழைத்து வந்து வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி எழுதுகிறேன்.

இந்த வரலாறு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் 1901 நவம்பரில் தொடங்குகிறது. அங்குள்ள மனநல மருத்துவமனையில் அகஸ்ட் டீட்டர் என்ற 51 வயதுப் பெண்மணியைச் சேர்த்தார்கள். மறுநாள் அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அவர் எதிரே அமர்ந்து எளிய கேள்விகள் கேட்டார். கணவர் பெயரைக் கேட்டால் அந்த அம்மாள் தம் பெயரையே சொன்னார். பென்சில், சாவி போன்ற பொருள்களைக் காட்டினால் சரியாகப் பெயர் சொன்னார். சற்று நேரம் கழித்து என்னென்ன காட்டினேன் என்று கேட்டால் நினைவில்லை. 1906ல் அவர் இறந்ததும் மூளையை ஆராய்ந்த அல்சைமர், அதே வருடம் நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த கூட்டத்தில் தம் முடிவுகளைச் சொன்னார். 1910ல் கிரேப்பிலின் தம் பாடநூலில் நோய்க்கு அல்சைமர் பெயரையே வைத்தார். இன்று ஸ்கேன் முதலான கருவிகள் எத்தனையோ வந்துவிட்டாலும், முதல் படி இன்றும் அதேதான்: எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பது.

அந்தக் கேள்விகளுக்கு மதிப்பெண் போடும் பழக்கத்தைப் பரப்பியவர்கள் அமெரிக்காவின் ஃபோல்ஸ்டைன் தம்பதியரும் மெக்யூவும். 1975ல் அவர்கள் வெளியிட்ட சிறு சோதனைக்கு மொத்தம் 30 மதிப்பெண். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இன்று என்ன தேதி, இது எந்த ஊர், மூன்று சொற்களை நினைவில் வையுங்கள், 100லிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள், இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள் என்று போகும்.

நோயாளி மருத்துவமனைக்கு வர முடியாவிட்டால்? இதற்கு விடையாக 1988ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜேசன் பிராண்ட், ஸ்பென்சர், ஃபோல்ஸ்டைன் மூவரும் தொலைபேசிச் சோதனை ஒன்றை உருவாக்கினார்கள். மொத்தம் 41 மதிப்பெண். தொலைபேசியில் படம் வரையச் சொல்ல முடியாதே! அதனால் பத்துச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். பேசும் குமிழில் விரலால் ஐந்து தரம் தட்டச் சொன்னார்கள். காகிதம் வெட்ட எது வேண்டும், பாலைவனத்தில் வளரும் முள் செடி எது என்று கேட்டார்கள். காது மந்தமானவர்களுக்கும், பக்கத்திலிருந்து விடை எடுத்துக் கொடுக்கும் உறவினர்களுக்கும் இந்த முறையில் தீர்வில்லை. அந்தக் குறை இன்றும் இருக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். டில்லிக்காரர்களுக்கு பல்லப்கட் தெரியும். இப்போது மெட்ரோ போகிறது. 1990களில் அந்த வட்டாரத்துக் கிராமங்களில் மேரி கங்கூலி, விஜய் சந்திரா முதலானோர் மறதிநோய் பற்றி ஆராய்ந்தார்கள். பள்ளிக்கூடமே போகாத முதியவர்களிடம் "ஒரு வாக்கியம் எழுதுங்கள்" என்றால் என்ன செய்வார்கள்? தேதி தெரியாதது நோயா, காலண்டர் பார்க்காத வாழ்க்கையா? இதை யோசித்து 1995ல் இந்திக் கேள்வித்தாள் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் மணிக்குப் பதில் காலையா, மதியமா, மாலையா என்று கேட்பார்கள். "கண்ணை மூடவும்" என்ற எழுத்தைப் படிக்கச் சொல்வதற்குப் பதில், என்னைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள் என்று கண்ணை மூடிக் காட்டுவார்கள். வாக்கியம் எழுதுவதற்குப் பதில் உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்பார்கள். என்னைக் கேட்டால் இது மொழிபெயர்ப்பு இல்லை, மரியாதை.

1998ல் கொச்சியில் தொடங்கிய 10/66 என்ற ஆய்வுக் குழுவும் இதே கவலையில் பிறந்ததுதான். மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதே பெயரின் பொருள். சென்னையும் வேலூரும் அதன் ஆய்வுக் களங்களாயின. 2020ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தொகுப்பு இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் வந்தது. அந்த ஐந்தில் தமிழ் இல்லை.

இப்போது என் கதை. அப்பா காலமான பிறகு அம்மாவை மாயவரத்திலிருந்து இங்கே அழைத்து வந்தோம். அடுப்பில் பாலை வைத்து மறப்பதும், ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பதும் ஆரம்பித்தன. "வயசானா மறதி வராதாடா?" என்பார். 2019 ஆகஸ்ட் 7 அன்று ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சோதித்தவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு இந்தி தெரியாது. நடுவில் நான். "மாதாஜி, இன்று என்ன தேதி?" என்றார். அம்மா, "ஆடி 22, புதன்கிழமை. நாளன்னிக்கு வரலட்சுமி நோன்பு" என்றார். நான், "ஏதோ தமிழ்த் தேதி சொல்கிறார்" என்று மொழிபெயர்த்தேன். அவர் தேதிக்குச் சுழி போட்டார். மற்றவையும் அரைகுறைதான். மதிப்பெண் குறைவாகத்தான் வந்தது. ஆனால் மொழி புரியாததால் இருக்கலாம், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். ஆடி 22. அம்மா காலையில் தாள் கிழித்தது சரியாகத்தான் இருந்தது.

ஆறு மாதம் கழித்து என்றால் 2020 பிப்ரவரி. நான் தள்ளிப் போட்டேன். மார்ச்சில் ஊரடங்கு வந்துவிட்டது. 2020 மார்ச் 25 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தொலைவிலிருந்து மருத்துவர் பார்ப்பதற்கு அதன் மூலம் தெளிவான விதிகள் கிடைத்தன. அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது: டில்லியில் தமிழ் தெரிந்தவரை ஏன் தேட வேண்டும்? சென்னையில் இருப்பவரே வீடியோவில் கேட்கலாமே!

அந்த ஐப்பசியில் சென்னை உளவியலாளர் ஒருவர் பேசினார். முதலில் எனக்குத்தான் விதிகள்: சுவரில் காலண்டர் இருக்கக் கூடாது; கடிகாரம் கண்ணில் படக் கூடாது; காது கேட்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்; மூக்குக் கண்ணாடி போட வேண்டும்; யாரும் உதவக் கூடாது. பிறகு, "அம்மா, இது என்ன தமிழ் மாசம்?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தாங்க முடியாமல் "ஐப்பசி" என்று முணுமுணுத்தேன்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. நீங்க சொன்னா அவங்களுக்கு உதவி இல்ல, எனக்குப் பொய்க்கணக்கு" என்றார் அந்தப் பெண். கோபமாக இல்லை, அன்பாகத்தான்.

சரியான மொழியில் சரியான கேள்வி வந்தபோது விடை போயிருந்தது. அந்தப் பதினான்கு மாதத்தை நான் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவும் தெரிந்தது. அதற்கு ஊசி போட்டார்கள். பிறகு நேரில் ஸ்கேனும் எடுத்து, அல்சைமர்தான் என்றார்கள். முன்பே தெரிந்திருந்தால் நோய் நின்றிருக்காது. ஆனால் வங்கிக் கணக்கையும் ஊர் வீட்டையும் பற்றி அவர் விருப்பத்தை அவர் வாயாலேயே கேட்டிருப்போம்.

2023ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக மதிப்பிடுகிறது. அவர்களில் நம் வீட்டுப் பெரியவர்களும் இருப்பார்கள். ஆகவே அன்பர்களுக்கு என் வேண்டுகோள்: சோதனை எந்த மொழியில் என்று முதலிலேயே கேளுங்கள். நீங்கள் மொழிபெயர்க்க உட்காராதீர்கள். படிப்பு எவ்வளவு, காது எப்படி என்பதைச் சொல்லுங்கள். தொலைபேசி மதிப்பெண் ஓர் எச்சரிக்கை மட்டுமே, முடிவு அல்ல. தைராய்டு, வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும். மறுபடி வரச் சொன்ன தேதியைத் தள்ளிப் போடாதீர்கள்.

அன்றைய சோதனையின் கடைசியில், "உங்க வீட்டைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்று அவர் கேட்டார். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். திண்ணை, முற்றம், கொல்லைக் கிணறு, கன்னுக்குட்டி என்று அம்மா நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். அது மாயவரத்து வீடும் இல்லை, அவர் பிறந்த வீடு. அந்தக் கேள்விக்கு மட்டும் முழு மதிப்பெண்.