குரலை இழந்தவர் எழுதிய பாடம்

தொண்டை டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு கண்ணாடியை வைத்து, பாடும்போது குரல் நாண்கள் எப்படி அசைகின்றன என்று பார்த்து எழுதியவர் டாக்டர் இல்லை. ஒரு பாட்டு வாத்தியார். பெயர் மானுவேல் கார்சியா.

ஸ்பானிய ஆப்பராக் குடும்பம் அவருடையது. 1825-ல் அப்பாவின் குழுவோடு நியூயார்க் போய் மேடையேறியபோது வயது 20. சின்ன வயதிலேயே அளவுக்கு மீறிப் பாடியதில் குரல் கெட்டது. சில வருஷத்தில் மேடையை விட்டார். அதன்பிறகு பாரிஸில் வாத்தியார் வேலை.

1841-ல் ஸ்வீடனிலிருந்து ஜென்னி லிண்ட் என்ற இளம் பாடகி குரல் களைத்துப்போய் அவரிடம் வந்தார். கார்சியா உடனே பாடம் ஆரம்பிக்கவில்லை. சில வாரம் பாடவே கூடாது, பேச்சையும் குறை என்று அனுப்பிவிட்டார். திரும்பி வந்ததும் அடிப்படையிலிருந்து பயிற்சி. லிண்ட் பிறகு ஐரோப்பாவே கொண்டாடிய பாடகி ஆனார்.

அந்தப் பயிற்சி என்ன? 1840-ல் வெளிவந்த அவருடைய பாட நூலின் முதல் பாகத்தில் இருக்கிறது. தலை நிமிர்ந்து இருக்கணும், தோள் பின்னால் போகணும், ஆனா விறைப்பு கூடாது. மூச்சுக்கு நாலு பயிற்சி: மெதுவாக இழுப்பது, அதே நிதானத்தில் விடுவது, நுரையீரலை நிரப்பி நிறுத்துவது, காலி செய்து நிறுத்துவது. களைப்பு தரும் என்பதால் நடுவில் நல்ல இடைவெளி. நாதத்துக்கு, ஒரே ஸ்வரத்தை மெல்லத் தொடங்கி, பெருக்கி, மறுபடி மெலிதாக்கி முடிப்பது.

இதையெல்லாம் எழுதியபோது குரல் நாண்கள் வேலை செய்வதை அவர் பார்த்ததே கிடையாது! காதால் கேட்டதும், உடற்கூறு படித்ததும்தான். எங்க தொழில்ல சொன்னா, கோடைப் பார்க்காமல் அவுட்புட்டை மட்டும் வைத்து டீபக் செய்வது மாதிரி.

1854-ல் பாரிஸில் பல் டாக்டர் கண்ணாடி ஒன்றை வாங்கி, வெந்நீரில் சூடாக்கித் துடைத்து, தன் தொண்டைக்குள்ளேயே வைத்தார். கைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அதன்மேல் அடித்தார். நாண்கள் சேர்வதும் விலகுவதும் தெரிந்தன. அடுத்த வருஷம் லண்டன் ராயல் சொசைட்டியில் அவர் கட்டுரை வாசிக்கப்பட்டது. கொஞ்ச வருஷத்தில் மருத்துவர்கள் அந்த முறையைக் கையில் எடுத்தார்கள்.

சரி, பார்த்தபிறகு பாடம் மாறியதா? பெரிதாக இல்லை. தொண்ணூறை நெருங்கும் வயதில், 1894-ல், வெளியிட்ட நூலிலும் அதே நிமிர்ந்த தலை, அதே விறைப்பில்லாத தோள். உதட்டைச் சிறு துவாரமாக்கி மூச்சை மெல்ல இழு, பத்து விநாடி நிறுத்து என்கிற மாதிரி பயிற்சிகள்தான்.

1905-ல் அவருடைய நூறாவது பிறந்தநாளுக்குப் பல நாட்டுத் தொண்டை மருத்துவர்கள் லண்டனில் கூடி வாழ்த்தினார்கள். அவர்களுக்கு அந்தக் கண்ணாடி பெரிது. எனக்கென்னவோ, பாட வந்த பெண்ணை முதலில் பாடாதே என்று நிறுத்திய அந்த நிதானம்தான் பெரிதாகப் படுகிறது. தன் குரலைக் காப்பாற்ற அப்படி ஒருத்தர் அவருக்குக் கிடைக்கவில்லை.