எண்ணெய் துடைத்த நூல்

பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரி, இயந்திரத்தால் நூல் நூற்கும் வித்தையை இந்நாட்டில் மிக முந்திக் கைக்கொண்ட பட்டணங்களுள் ஒன்று. பம்பாயில் நூற்பாலை ஓடத் தொடங்கியது 1850களின் நடுவில். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1820களின் இறுதியில், இங்கே சவானா ஆலை எழுந்துவிட்டது. பிறகு 1892-இல் கெபெலே ஆலையும், 1898-இல் ஊரார் ரோடியர் மில் என்று சொல்லும் ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலையும் தோன்றின. அவுரிச் சாயம் தோய்ந்து, ‘கினே’ என்ற பெயருடன் கப்பலேறி, செனகல் நதிக்கரையில் வேலம்பிசினுக்குப் பண்டமாற்றாகக் கைமாறிய புதுவை நீலத் துணியின் கீர்த்தியைச் சரித்திராசிரியர்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். துணியாகும் பாக்கியம் இல்லாமல் பொறிகளின் அடியில் விழுந்த நூலை அந்த அளவுக்கு எவரும் பொருட்படுத்தவில்லை. மோட்டார் பட்டறைகளில் கையையும் கருவியையும் துடைத்துவிட்டு எறியும் பொருளுக்கு மூலபுருஷன் அந்த நூல்தான் என்பதால், அதன் விருத்தாந்தத்தை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பஞ்சுப் பொதி ஆலைக்குள் பிரிக்கப்பட்ட கணம் முதல், துணி மடித்துக் கட்டப்படும் வரையில், ஒவ்வொரு படியிலும் கழிவு உண்டாகிறது. ஆனால் எல்லாக் கழிவும் ஒரே ஜாதி அன்று. தூசியும் விதைத் துணுக்கும் நீக்கும் புளோ ரூமிலும், இழைகளைச் சீவி நேராக்கும் கார்டிங் பொறியிலும் சிந்துவது இன்னும் முறுக்கேறாத பஞ்சாதலால், அதை மறுபடி கலந்து தடித்த நூலாக நூற்கலாம், மெத்தைக்கு அடைக்கலாம். கதிரில் முறுக்கேறிய பின் அறுந்துபோன நூலும், பாவு ஓட்டுமிடத்தில் மிஞ்சிய நூலும், தறியில் துணி முடிந்தபின் எஞ்சிய துண்டு நூலும் அப்படியல்ல. அவற்றின் முறுக்கைக் கலைத்துத் திரும்பவும் பஞ்சாக்குவதற்குத் தனிப் பொறியும் பெருஞ்செலவும் வேண்டியிருந்தமையால், சிக்கலும் பின்னலுமாக அப்படியே கட்டி, துடைப்பதற்கென்றே விற்பது எங்குமுள்ள ஆலைகளின் வழக்கமாயிற்று. இயற்கையும் இதற்கு அனுகூலமாக அமைந்திருந்தது. வெளுக்காத பருத்தி இழையின்மேல் பிறவியிலேயே மெல்லிய மெழுகுப் படலம் ஒன்று படர்ந்திருப்பதால், அது தண்ணீரை ஏற்கத் தயங்கும். எண்ணெயையோ ஆவலுடன் இழுத்துக்கொள்ளும். கஞ்சி போட்ட பாவு நூல் விறைத்து நிற்குமாதலால், கஞ்சி படாத நூலுக்கே துடைப்பு வேலையில் மதிப்பு அதிகம்.

நீராவி இயந்திரங்களின் காலத்தில் இந்தக் கழிவு நூல் உலகெங்கும் ரயில் எஞ்சின் ஓட்டிகளின் கையிலிருந்து நீங்காத பொருளாயிருந்தது. விழுப்புரத்திலிருந்து புதுவைக்கு ரயில் வந்தது 1879-இல். பிற்பாடு காரும் லாரியும் பெருகியபோது, எஞ்சின் துடைக்கும் அதே வழக்கம் பட்டறைகளுக்கும் பரவி, ‘வேஸ்ட்’ கொண்டா என்றால் சின்னப் பையனும் எதை எடுத்துவர வேண்டுமென்று அறிந்திருந்தான்.

அந்த நூலை நூற்றவர்களைச் சொல்லாமல் இந்தச் சரித்திரத்தைச் சொல்வது நியாயமாகாது. கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்கள்மீது 1936 ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் பன்னிருவர் மாண்டனர். வ. சுப்பையா முதலியோர் முன்னின்று நடத்திய அந்த இயக்கத்தின் பயனாகவே, அடுத்த ஆண்டு பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. பொறிக்கடியில் விழுந்த ஒவ்வொரு நூல் துண்டிலும் அவர்களுடைய உழைப்பு கலந்திருந்தது என்பதை நான் மிகைபடச் சொல்லவில்லை.

1970களின் இறுதி முதல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஓங்க ஓங்க, வெட்டும் மேஜையில் மிஞ்சிய துண்டுகள் மலிந்து, கிலோக் கணக்கில் விற்கப்படும் பனியன் வேஸ்ட் தமிழ்நாட்டுப் பட்டறைகளைப் போலவே புதுவைப் பட்டறைகளையும் வந்தடைந்தது. பின்னிய துணி வளைந்து கொடுக்கும். நூல் கற்றையைப் போல விரலில் சிக்கிக்கொள்ளாது. இப்போது மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கமாக, ஈரத்திலும் கிழியாதபடி பிசின் சேர்த்துச் செய்த தடித்த காகிதத் துவாலைகள், பெரும்பாலும் நீல நிறத்தில், சுருளாகக் கிடைக்கின்றன. ஒன்றைக் கிழித்துத் துடைத்து எறிந்துவிடலாம். இதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கழிவு நூல் எவ்வளவு நன்றாக எண்ணெய் குடித்தாலும் இழை உதிர்க்கும். பிரேக் சிலிண்டருக்குள்ளோ கார்புரேட்டரின் நுண்துளையிலோ ஓர் இழை தங்கினால் அது செய்யும் கெடுதி பெரிது. அத்தகைய இடத்துக்கு இழை உதிராத துவாலையே தக்கது. சேற்றையும் கிரீஸையும் வழித்தெடுக்கப் பனியன் துண்டு போதும். அதற்கும் காகிதத்தைச் செலவிடுவது வீண்.

எதனால் துடைத்தாலும், துடைத்தபின் அதை எங்கே போடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய் தோய்ந்த துணியைக் குவியலாகப் போட்டுவைத்தால், காற்றிலுள்ள பிராணவாயுவுடன் அது சேரும்போது பிறக்கும் வெப்பம் வெளியேற வழியின்றி ஏறி, தீக்குச்சி படாமலே பற்றிக்கொள்ளும். அதனால்தான் விவரமறிந்தவர்கள் மூடியுள்ள தகர டப்பாவில் போடுகிறார்கள். தொழிற்சாலைகளில் மாசுபட்டுக் கழிக்கப்படும் பருத்தித் துணியை 2016-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் அபாயகரமான கழிவுப் பட்டியலிலேயே சேர்த்திருக்கின்றன. எறிவது சுலபம் என்ற எண்ணமே இந்தத் தொழிலில் ஆதிமுதல் இருந்துவந்த குறை.

சவானா சுதேசி மில்லாகவும், கெபெலே ஆலை பாரதி மில்லாகவும் பெயர் மாறின. ரோடியர் மில்லை 1986-இல் புதுவை அரசு ஏற்றது. 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் அதன் கட்டடங்களைச் சிதைத்தது. 2020-இல் அது மூடப்பட்டது. இன்று புதுவையின் பட்டறைக்கு வேண்டிய பனியன் வேஸ்ட் திருப்பூரிலிருந்து வருகிறது. ஆனால் இந்த ஆலைகளில் நூற்றவர்களும், பாவு ஓட்டியவர்களும், கழிவைத் தரம் பிரித்துக் கட்டியவர்களும் முதலியார்பேட்டையிலும் அதைச் சுற்றியும் இன்னும் வசிக்கிறார்கள். ஆலைகளின் சரித்திரம் எழுத முற்படுவோர் முதலாளிகளின் கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிடாமல், இவர்களையும் தேடிச் சென்று, எந்தக் கழிவு எந்த விலைக்கு எவரிடம் போயிற்று என்பதை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.