பனிமேல் விரித்த கம்பி

தென்துருவக் கண்டத்தின் மேற்குப் பகுதியில், பனிப்பாளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் கனத்துக்குப் படிந்து கிடக்கும் ஆளரவமற்ற வெளியிலே, 1973ஆம் ஆண்டில், 21.2 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பியொன்றை நேர்கோடாக இழுத்துக் கட்டி, அதன் நடுவிலே ஓர் ஒலிபரப்பு யந்திரத்தை நிறுவி, பேச்சும் பாட்டும் இல்லாத வெறும் தொனிகளை ஆகாயத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். சைப்பிள் நிலையம் என்பது அதன் பெயர். சாரணச் சிறுவனாகத் தளபதி பேர்டின் கூட்டத்தோடு தென்துருவம் சென்ற பால் சைப்பிளின் ஞாபகார்த்தமாக இடப்பட்டது. அந்தத் தொனிகளுக்காகக் காத்திருந்தவர்களோ பூமியின் மறுபாதியில், கனடாவின் கியூபெக் மாகாணத்து ரோபர்வால் என்ற ஊரில் இருந்தார்கள்.

இவ்வளவு பிரயாசை எதற்காக என்பதை அறிய, முதல் உலக யுத்தத்தின் பதுங்குகுழிகளுக்குப் போகவேண்டும். எதிரியின் தொலைபேசிப் பேச்சை, தரையில் கசிந்து வரும் மின்சாரத்தைக் கொண்டு ஒட்டுக்கேட்க முனைந்த ஜெர்மானியப் படையினர், இடையிடையே உச்ச ஸ்தாயியில் தோன்றி, ஓரிரு விநாடிக்குள் கீழ் ஸ்தாயிக்கு வழுக்கி இறங்கும் ஒரு சீழ்க்கையைக் கேட்டு, குண்டு பறக்கிற சப்தம் காதில் விழுகிறது என்று தம்முள் சொல்லிக்கொண்டார்கள். வீணை வித்துவான் ஒரே தந்தியில் மேலிருந்து கீழே விரலை இழுத்து வரும் ஜாருவைக் கேட்டவர்களுக்கு அந்த ஒலியின் உருவம் எளிதில் மனத்தில் படும். பார்க்ஹவுசன் என்ற பௌதிக அறிஞர் 1919இல் இதைப் பற்றி எழுதினார். ஆயினும் அது முழுமையாக விளங்குவதற்கு 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில், கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஓவன் ஸ்டோரி, மின்னல் வெட்டும்போது எல்லா ஸ்தாயிகளும் ஒருங்கே பிறக்கின்றன என்றும், அவற்றில் ஒரு பகுதி பூமியின் காந்தக் கோட்டைப் பற்றிக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மேலேறி மறு அரைக்கோளத்தில் இறங்குகிறது என்றும், வழியிலே உயர்ந்த ஸ்தாயி முந்தவும் தாழ்ந்தது பிந்தவும் ஆவதால்தான் ஒரு நொடிப்பொழுதின் வெடிப்பு நீண்ட சீழ்க்கையாக விரிகிறது என்றும் காட்டினார். அந்தப் பிந்துதலின் அளவைக் கணக்கிட்டபோது, வெறும் சூனியம் என்று எல்லோரும் எண்ணியிருந்த உயரத்திலும், ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் நூற்றுக்கணக்கான எலெக்ட்ரான்கள் உலவுவது வெளிப்பட்டது. பிளாஸ்மா எனப்படும் அந்த மின்னூட்டம் பெற்ற மெல்லிய வாயுவை, ராக்கெட் எதுவும் அங்கே எட்டுவதற்கு முன்பே, தரையில் இருந்தபடி காதாலேயே மனிதன் கண்டுகொண்டான் என்பதை நினைக்கும்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மின்னல் சென்ற வழியில் மனிதன் அனுப்பும் அலையும் செல்லுமா என்பது அடுத்த கேள்வி. நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசுவதற்கென்று, நமது திருநெல்வேலிச் சீமையின் விஜயநாராயணத்தில் 1990இல் எழுந்ததைப் போன்ற, மிகத் தாழ்ந்த அதிர்வெண் நிலையங்களை அமெரிக்கக் கடற்படை முன்னமே வைத்திருந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து ராபர்ட் ஹெலிவெலும் அவருடைய சகாக்களும் அந்நிலையங்களின் மோர்ஸ் சங்கேதத்தைத் தெற்கே வெகுதூரத்தில் கேட்டு ஆராய்ந்து, 1964இல் ஒரு விசித்திரத்தை வெளியிட்டார்கள். சுமார் 150 மில்லிவிநாடி நீடிக்கும் மோர்ஸ் கோடு போய்ச் சேரும்போது, அதன் வாலைப் பற்றிக்கொண்டு, யாரும் அனுப்பாத புதிய தொனியொன்று எழுந்து மேலும் கீழுமாக அலைந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கே நீளமுள்ள புள்ளிக்கோ பெரும்பாலும் அத்தகைய மறுமொழி இல்லை. காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழன்றபடி எதிரே விரைந்து வரும் எலெக்ட்ரான்கள், தம் சுழற்சிக்கு அலையின் துடிப்பு இசைந்துவிட்டால், தம் சக்தியில் ஒரு பங்கை அலைக்குக் கொடுத்துவிடுகின்றன. அந்த இசைவு கூடிவரக் கொஞ்சம் அவகாசம் வேண்டும், புள்ளி அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

கடற்படையின் செய்திக்கு இடையே இதை எத்தனை காலம் பொறுக்குவது? தாமே தொனியின் நீளத்தையும் ஸ்தாயியையும் வலிமையையும் மாற்றி வைத்துப் பார்க்க ஓரிடம் வேண்டியிருந்தது. 5 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 60 கிலோமீட்டர். அதற்கேற்ற ஏரியலைக் கோபுரத்தில் தூக்கி நிறுத்த எவராலும் இயலாது. தரையில் கிடத்தினாலோ மண் அதை விழுங்கிவிடும். கனத்த பனிப்பாளம் மின்சாரம் எளிதில் பாயாத பொருளாதலால், கம்பியைத் தரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உயர்த்திப் பிடித்தது போலாயிற்று. அப்படியும் யந்திரத்தின் சக்தியில் சிறு பங்கே மேலே சென்றது. ஆனால் அந்தச் சிறு பங்கு, பூமிக்கு மேல் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரம் வரை வளைந்து சென்று ரோபர்வாலில் இறங்குகையில், சில வேளைகளில் 30 டெசிபெல், அதாவது ஆயிரம் மடங்கு, பெருகி வந்தது. எல்லா நாளும் அப்படியல்ல. நாட்கணக்கில் அனுப்பியும் ஒன்றும் கேளாமல் போனதுண்டு.

பனி இடம் கொடுத்தது. பனியே அதைத் திரும்பக் கேட்டது. ஆண்டுதோறும் படியும் பனியில் புதையாதபடி கம்பியை அடிக்கடி உயர்த்திக் கட்டவேண்டியிருந்தது. முதல் நிலையக் கட்டடம் சில ஆண்டுகளிலேயே அடியில் அமிழ்ந்து நசுங்கத் தொடங்கவே, அதற்குமேல் வேறொன்றை நிர்மாணித்தார்கள். ஏரியலும் 42 கிலோமீட்டராக நீண்டது. சூரியனே தலைகாட்டாத மாதங்களில், விரல்விட்டு எண்ணத்தக்க சிலர், ஆகாய விமானமும் வந்து சேர முடியாத அந்தக் குளிரில், டீசல் யந்திரத்தையும் ஒலிபரப்பியையும் ஓயாது காத்துவந்தார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவர்கள் பெயர்கள் அருகியே காணப்படுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

1988இல் நிலையம் மூடப்பட்டது. அங்கே அனுப்பிய தொனிகளையும் ரோபர்வாலில் வந்திறங்கிய மறுமொழிகளையும் பதித்த ஒலிநாடாக்களைப் பிற்காலத்தில் கணினிக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றி, கால் நூற்றாண்டுக்குப் பின்னும், எந்த நாளில் அலை பெருகிற்று, எந்த நாளில் பெருகவில்லை என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்கள்.