பத்துப் பொருள் வரம்பு: பாலடின் விதி குறித்து ஒரு மறுவாசிப்பு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் மாயப்பொருள்களுக்கு வரம்பிடும் விதிகளை ஒரே கொடிவழியாகக் காண்பது இத்துறையில் வழக்கமாகிவிட்டது. 1978இன் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' பாலடின் என்னும் புனிதவீரர் வகுப்புக்கு விதித்த பத்துப் பொருள் வரம்பை அதன் தொடக்கம் என்பர். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, பொருள்களை உடலின் பகுதிவாரியாகப் பிரித்து இடம் ஒதுக்கியது. 2014இன் ஐந்தாம் பதிப்பில் ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று பொருள்களோடு மட்டுமே அட்யூன்மென்ட், அதாவது மாயப் பிணைப்பு, கொள்ளலாம் என்றானது. மூன்றும் பாத்திரத்தின் வலிமைக்கு இட்ட கடிவாளங்கள் என்பதே இவ்வாசிப்பின் சாரம். பின்னிரண்டைப் பற்றி எனக்குப் பெரிய மறுப்பில்லை. முதலாவதை அவ்வரிசையில் சேர்த்தது தவறு என்றே கருதுகிறேன்.

பாலடின் வைத்திருக்கக்கூடிய பத்தையும் விதியே பிரித்துச் சொல்கிறது: கவசம் 1, கேடயம் 1, ஆயுதம் 4, பிற 4. வலிமையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் இந்தக் கணக்கு விசித்திரமானது. இரண்டு கவசங்களை ஒருசேர அணிபவர் எவருமில்லை. ஆகவே ஒரு கவசம் என்ற வரம்பு போர்க்களத்தில் எதையும் பறிப்பதில்லை. இரண்டே கை உள்ளவனுக்கு நான்கு ஆயுதங்களை அனுமதிப்பது கட்டுப்பாடும் ஆகாது. 'பிற' என்ற நான்கு மட்டுமே சண்டையில் உறைக்கும்: இரண்டு மோதிரம், மேலங்கி, காலணி என்றதும் அது நிரம்பிவிடும். இது எதிர்த்தரப்புக்குச் சாதகமான இடம்தான். ஆனால் பையில் பயன்படாமல் கிடக்கும் மந்திரக்கோலும் இதே நான்கில் ஒன்றாக எண்ணப்படுகிறது. அணிந்ததா, ஏந்தியதா என்று விதி கேட்கவேயில்லை. உடைமையாக இருக்கிறதா என்பதே அதன் கேள்வி.

இவ்விதி நூலில் எங்கே வருகிறது என்பது இன்னும் முக்கியம். பாலடினின் சண்டைத்திறன் பற்றிய பகுதியில் அது இல்லை. செல்வம் சேர்க்கலாகாது, எளிய வாழ்வுக்கும் பணியாட்களின் ஊதியத்துக்கும் ஒரு சிறு கோட்டைக்கும் போதுமானதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிட வேண்டும், வருவாயில் பத்தில் ஒரு பங்கைச் சமயநிறுவனத்துக்கு அளிக்க வேண்டும் என்னும் விதிகளோடு ஒரே தொகுதியில், அவற்றுக்கு முன்னால் நிற்கிறது. 1979இன் 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு' மாயப்பொருள்களுக்குப் பொன்னில் விற்பனை மதிப்புக் குறித்திருப்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அந்த ஆட்ட உலகில் மாயவாள் என்பது வாள் உருவில் இருக்கும் பொற்குவியல். பொன்னைத் துறக்கச் சொல்லிவிட்டு வாள்களைக் குவிக்க விட்டால் அந்த நோன்புக்குப் பொருளே இராது. ஆக, பத்துப் பொருள் வரம்பு நோன்பின் ஓட்டையை அடைக்கும் விதி. 1978இன் அதே நூலில் மாங்க் என்னும் துறவி வகுப்புக்கும் இரண்டு மாய ஆயுதம், மூன்று பிற பொருள் என்ற வரம்பு உண்டு. அவனும் செல்வம் துறந்தவனே. கொள்ளைப் பொருளோடு வாழும் வகுப்புகளுக்கு இத்தகைய எண்வரம்பு இல்லாமை தற்செயலாக இருக்கலாம் என்று வாதிக்க இடமுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மாயப்பொருள்களை அள்ளிக் கொடுக்கும் ஆட்டங்களை அந்நூலின் ஆசிரியர் கேரி கைகாக்ஸே கண்டித்தாரே என்பர். அக்கண்டனம் ஆட்ட நடத்துநரை நோக்கியது; பாத்திரத்தின் மனச்சான்றை நோக்கியதன்று. பொருளைப் பணியாளிடம் கொடுத்து வைத்து விதியை ஏய்க்கலாமே என்பதும் வாதமாகாது. எந்த நோன்பையும் ஏய்க்கலாம்.

வலிமைக் கடிவாளம் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க விதி எப்படி இருக்கும் என்பதற்கு பாத்ஃபைண்டர் என்னும் இன்னொரு பாத்திர ஆட்டத்தின் இரண்டாம் பதிப்புக்காக 2018இல் வந்த சோதனை நூல் நல்ல சான்று. அதில் ரெசனன்ஸ் என்றொரு புள்ளிக்கணக்கு இருந்தது: பாத்திரத்தின் நிலையோடு கரிஸ்மா மாற்றெண்ணைக் கூட்டி வருவது அன்றாட இருப்பு. பொருளை அணியவும் அது செலவாகும், மருந்துக்குப்பியைக் குடிக்கவும் செலவாகும். மலிவான குணமாக்கும் மந்திரக்கோல்களை வாங்கிக் குவித்துச் சண்டைக்குச் சண்டை காயமாற்றும் பழக்கத்தை ஒடுக்குவது அதன் இலக்குகளில் ஒன்று. சோதித்த ஆட்டக்காரர்களிடம் அது எடுபடவில்லை. 2019இன் இறுதி நூலில் ரெசனன்ஸ் இல்லை, நாளொன்றுக்குப் பத்துப் பொருள்களை உரித்தாக்கிக்கொள்ளலாம் என்ற எளிய வரம்பு வந்தது. பத்து என்ற எண் ஒத்திருப்பதை வைத்து உறவு கொண்டாட மாட்டேன். இரண்டு விதிகளும் எண்ணுவது வேறு வேறு: ஒன்று இன்று இயங்குபவற்றை எண்ணுகிறது, மற்றது ஒருவன் உடைமையாக வைத்திருப்பவற்றை.

இந்த வேறுபாட்டைச் சோதிக்க ஒரு வழி உண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்புக்கு 2019இல் 'எபெரான்: ரைசிங் ஃப்ரம் தி லாஸ்ட் வார்' நூலில் வந்த ஆர்ட்டிஃபிசர் வகுப்பு, 10ஆம் நிலையில் நான்கு, 14இல் ஐந்து, 18இல் ஆறு பொருள்களோடு அட்யூன்மென்ட் கொள்ளலாம். அங்கே வரம்பு உயர்வதே வளர்ச்சிக்குக் கிடைக்கும் பரிசு. பாலடினுக்கோ முதல் நிலையிலும் பத்து, இருபதாம் நிலையிலும் பத்து. வலிமையை அளந்து கட்டும் விதியாக இருந்தால், வலிமை பெருகப் பெருக அது நெகிழ்ந்திருக்கும், அல்லது இறுகியிருக்கும்.