தேர் வடத்திலிருந்து டிராக்டர் பின் வரை

இன்றைக்கு நாம் பேசப்போகிற பொருள் கையில் அடங்கிவிடும். ஒரு சாண் நீள இரும்பு. கட்டைவிரலை விடக் கொஞ்சம் தடிமன். தலையில் ஒரு வளையம். டிராக்டரையும் அதன் பின்னால் வருகிற பெட்டியையும் சேர்த்துப் பிடித்திருக்கிற பின். இதுக்கெல்லாம் ஒரு வரலாறா என்று கேட்பீர்கள். இருக்கு. கொஞ்சம் ரத்தம் படிந்த வரலாறு.

நான் இருப்பது வேங்கிக்கால். திருவண்ணாமலையை ஒட்டி, வேலூர் ரோட்டில். 1989-ல் பழைய வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்தபோது திருவண்ணாமலை தனி மாவட்டமானது. அதன் ஆட்சியர் அலுவலகம் இன்று எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அதனால் இந்த ரோட்டில் போகாத வண்டி கிடையாது. அரசு ஜீப், பௌர்ணமி ஸ்பெஷல் பஸ், கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர், காங்கிரீட் மிக்சரை இழுத்துக்கொண்டு போகிற பிக்கப். டீக்கடையில் அரை மணி நேரம் நின்றால் இழுக்கிற வண்டியும் இழுபடுகிற வண்டியும் ஜோடி ஜோடியாகக் கடந்து போகும். ரெண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கிறவர் குறைவு.

மாட்டு வண்டியிலிருந்து ஆரம்பிக்கலாம். ஏனென்றால் இன்றைக்கு எஞ்சினியரிங் புத்தகத்தில் சொல்லித்தருகிற ஒரு விஷயத்தை நம் வண்டிக்காரர்கள் ரெண்டு வார்த்தையில் வைத்திருந்தார்கள். முன்பாரம், பின்பாரம். ரெண்டு சக்கர வண்டி என்பது ஒரு தராசு மாதிரி. அச்சுக்கு முன்னால் பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். அச்சுக்குப் பின்னால் கூடினால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும். வைக்கோலோ நெல்மூட்டையோ ஏற்றும்போது பெரியவர் ஒருத்தர் நுகத்தடியைக் கையில் தூக்கிப் பார்ப்பார். "கொஞ்சம் முன்னால தள்ளுடா, பின்பாரமா இருக்கு" என்பார். கொஞ்சமாக முன்பாரம் இருக்க வேண்டும், அதிகமாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

இதே கணக்கு கார், பிக்கப் இழுக்கிற டிரெய்லருக்கும் உண்டு. டிரெய்லரின் மொத்த எடையில் 10-லிருந்து 15 சதவீதம் வரை முன்னால், கொக்கியின் மேல் உட்கார வேண்டும் என்பது அமெரிக்காவில் சொல்கிற பொது விதி. அதைவிடக் குறைந்தால் வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். நெளிவு கூடக் கூட இழுக்கிற வண்டியையே சுழற்றிவிடும். மாடு கழுத்து நெரிபட்டால் நின்றுவிடும். எஞ்சினுக்குக் கழுத்து இல்லையே, அது 80 கிலோமீட்டர் வேகத்திலும் இழுத்துக்கொண்டே போகும்.

அடுத்தது தேர். திருவண்ணாமலைக்காரனிடம் இழுவையைப் பற்றிப் பேசிவிட்டுத் தேரைச் சொல்லாமல் விட முடியுமா? கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் மாட வீதி சுற்றும். அதில் அம்மன் தேரை இழுப்பவர்கள் பெண்கள். பெரிய தேரில் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து இழுப்பதைப் பார்த்தால் பக்திதான் முதலில் கண்ணில் படும். எனக்குத் தேருக்கு அடியில் இருப்பவர்கள்தான் கண்ணில் படுவார்கள். முட்டுக்கட்டை போடுகிறவர்கள். சக்கரம் உருளும்போதே பக்கத்தில் நடந்து, சரியான நொடியில் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துத் திருப்புவார்கள், நிறுத்துவார்கள். காலம் காலமாகத் தேருக்கு பிரேக், ஸ்டியரிங் எல்லாமே அவர்கள் கைதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வடத்தால் இழுக்க முடியும், பிடித்து நிறுத்த முடியாது. தேர் சரிவில் இறங்கினால் வடம் தொய்ந்துவிடும். முன்னால் இழுத்துக்கொண்டிருக்கிற கூட்டத்தின் மேலேயே தேர் வரும். அதனால்தான் முட்டுக்கட்டை. இழுக்கிறதுக்கு ஒரு ஏற்பாடு, நிறுத்துறதுக்கு வேறொரு ஏற்பாடு என்று நம் முன்னோர் பிரித்து வைத்திருந்தார்கள். திருவாரூர் ஆழித்தேருக்கு 1988-ல் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்ததும் இந்தச் சிந்தனையின் தொடர்ச்சிதான். தேருக்கு பிரேக் வந்துவிட்டது. டிராக்டர் பெட்டிகளில் எத்தனைக்கு பிரேக் இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தேரிலும் விபத்து இல்லாமல் இல்லை. 2022 ஜூனில் தர்மபுரி மாவட்டம் மாதேஅள்ளியில் காளியம்மன் கோயில் தேர் அச்சு முறிந்து சாய்ந்ததில் ரெண்டு பேர் இறந்தார்கள். 2024 ஜூனில் திருநெல்வேலி நெல்லையப்பர் தேரோட்டத்தில் வடம் ஒரு தடவை இல்லை, பல தடவை அறுந்தது. கடைசியில் இரும்புச் சங்கிலி கொண்டுவந்து கட்டினார்கள். அன்றைக்கு அதை அபசகுனம் என்று பேசியவர்கள் உண்டு. எனக்கு அதில் சகுனம் எதுவும் தெரியவில்லை. நாரும் ஒரு பொருள்தான். வெயிலிலும் ஈரத்திலும் கிடந்தால் பலம் குறையும், பழுதைக் கண்டுபிடிக்க வேண்டிய நேரம் தேரோட்டத்துக்கு முந்தின மாதம்.

இப்போது கொஞ்சம் கடல் தாண்டிப் போவோம். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க ரயில். அங்கே ஒரு பெட்டியையும் இன்னொரு பெட்டியையும் எப்படி மாட்டினார்கள் தெரியுமா? ஒரு இரும்பு வளையம், ஒரு பின். ரெண்டு பெட்டிகளும் நெருங்கி வரும்போது ஒரு தொழிலாளி நடுவில் நின்று, வளையத்தைக் கையால் பிடித்து ஓட்டைக்குள் வழிகாட்டி, மேலிருந்து பின்னைப் போட வேண்டும். ஒரு நொடி தப்பினால் விரல் போகும். இன்னும் ஒரு நொடி தப்பினால் ஆளே போவார். வேலை கேட்டு வருகிறவனுக்கு விரல் குறைவாக இருந்தால் அனுபவசாலி என்று எடுத்துக்கொள்வார்களாம். கசப்பான நகைச்சுவை.

வர்ஜீனியாவில் ஒரு கடையில் குமாஸ்தாவாக இருந்த ஈலை ஜானி என்பவர், ரெண்டு கைகளின் விரல்கள் கொக்கி போட்டுப் பிடிப்பது போல, மோதினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் இணைப்பு ஒன்றுக்கு 1873-ல் காப்புரிமை வாங்கினார். கருவி வந்துவிட்டது, சரி. ரயில் கம்பெனிகள் உடனே மாற்றினவா? இல்லை. செலவு. அயோவா மாநிலத்து விவசாயி லொரென்சோ காஃபின், ஒரு தொழிலாளியின் விரல் நசுங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, வருஷக்கணக்காக ஊர் ஊராகப் போய், கடிதம் எழுதி, கூட்டங்களில் எழுந்து பேசி நச்சரித்தார். 1893-ல்தான் சட்டம் வந்தது. கண்டுபிடிப்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் 20 வருஷம். அந்த 20 வருஷத்தில் போன விரல்களுக்குக் கணக்குச் சொல்ல யாரும் இல்லை.

நான் இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அமெரிக்க ரயில் 1893-ல் சட்டம் போட்டுத் துரத்திய அதே வளையமும் பின்னும்தான் இன்று நம் டிராக்டருக்குப் பின்னால் இருக்கிறது. அதே மாதிரி ஒரு பையன் நடுவில் நிற்பான். டிரைவர் பின்பக்கமாக வருவார். "வா... வா... வா... போதும்ணே!" பையன் பின்னைப் போடுவான். அந்தப் "போதும்ணே" அரை நொடி தாமதமானால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

டிராக்டரின் கதைக்கு அயர்லாந்து போக வேண்டும். ஹாரி ஃபெர்குசன். முதல் உலகப் போர் சமயத்தில், 1917-ல், உணவு உற்பத்தியைக் கூட்ட அரசாங்கம் டிராக்டர்களை இறக்கியது. அவற்றைச் சரியாக ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை ஃபெர்குசனுக்கு. அப்போதைய டிராக்டர்கள் கலப்பையை மாடு மாதிரி, சங்கிலியிலோ தண்டிலோ கட்டி இழுத்தன. கலப்பை ஒரு பாறையில் மாட்டினால்? மாடு நின்றுவிடும். டிராக்டரின் பின்சக்கரம் சுற்றத்தான் பார்க்கும். சக்கரம் சுற்ற முடியாதபோது டிராக்டரே அச்சைச் சுற்றி எழும்பும். முன்பக்கம் குதிரை மாதிரி தூக்கி, பின்னால் மல்லாந்து, டிரைவர் மேல் விழும். பலர் செத்தார்கள்.

டிராக்டருக்குக் கொக்கியைக் கொடுத்தால் போதாது, எந்த உயரத்தில், எத்தனை புள்ளியில் பிடிக்கிறோம் என்பதுதான் விஷயம் என்று ஃபெர்குசன் பிடித்துக்கொண்டார். கீழே ரெண்டு, மேலே ஒன்று என்று மூன்று புள்ளிகளில் கலப்பையைப் பிடிக்கிற அமைப்பு அப்படித்தான் பிறந்தது, 1920-களில் காப்புரிமை. 1938-ல் ஹென்றி ஃபோர்டோடு கைகுலுக்கி ஒரு ஒப்பந்தம், எழுத்தில் எதுவும் இல்லை. பிறகு சண்டை, வழக்கு, 1952-ல் 92 லட்சம் டாலருக்கு மேல் சமரசம். அது தனி எபிசோடு. 1953-ல் அவர் கம்பெனி மாசி-ஹாரிஸோடு சேர்ந்தது. பிறகு மாசி ஃபெர்குசன் என்று பெயர் மாறியது. அந்த மாசி ஃபெர்குசனோடு கூட்டுச் சேர்ந்து 1960-ல் சென்னையில் தொடங்கிய கம்பெனிதான் டாஃபே. செம்பியம் வழியாகப் போனவர்களுக்குத் தெரியும். நம் ஊர்ப் பக்கம் சிவப்பு டிராக்டருக்கு "மாசி" என்று செல்லப் பெயர் வந்த கதை இது.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், கலப்பைக்காக யோசித்துச் செய்த அந்த டிராக்டரை நாம் வருஷத்தில் பாதி நாள் ரோட்டில் லாரியாகப் பயன்படுத்துகிறோம். ஃபெர்குசன் சரிசெய்தது வயலை. ரோட்டில் பெட்டி இழுக்கும்போது பழைய ஆபத்து அப்படியே திரும்பி வருகிறது. கொக்கி பின்அச்சை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயரமான இடத்தில் மாட்டினால் மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். மூங்கில்துறைப்பட்டு கரும்பு ஆலைப் பக்கம் சீசனில் போனால் பார்க்கலாம், முன்சக்கரம் தூக்காமல் இருக்க முன்னால் கல்லைக் கட்டியோ ஆளை உட்கார வைத்தோ ஓட்டுகிறவர்களை. ஸ்டியரிங் என்பது முன்சக்கரம் தரையில் இருந்தால்தானே?

பிரேக் இன்னொரு கதை. டிராக்டரின் எடை சுமார் ரெண்டு டன். பின்னால் வருகிற கரும்பு அதைப் போலப் பல மடங்கு. பெட்டிக்கு பிரேக் இல்லையென்றால், சரிவில் யார் யாரை ஓட்டுகிறார்கள்? தேருக்குச் சொன்ன அதே பிரச்சினை. வித்தியாசம் என்னவென்றால் வடம் தொய்ந்துவிடும். இரும்புத் தண்டு தொய்யாது, தள்ளும். அதுவும் டிராக்டருக்கு இடது வலது என்று ரெண்டு பிரேக் பெடல். வயலில் திரும்ப வசதியாக அப்படி வைத்தார்கள். ரோட்டுக்கு வரும்போது ரெண்டையும் தாழ் போட்டுச் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கம் மடங்கும், பெட்டி மறுபக்கம் வரும். மடக்குக்கத்தி மாதிரி.

இதில் மனிதர்களையும் ஏற்றுகிறோம். 2022 அக்டோபர் 1-ஆம் தேதி, உத்தரப் பிரதேசம் கான்பூர் பக்கத்தில், முடியிறக்கும் சடங்கு முடித்துவிட்டு டிராக்டர் பெட்டியில் வந்த குடும்பங்கள் குளத்தில் கவிழ்ந்தன. 25 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நம் ஊரிலும் காதுகுத்து, குலதெய்வக் கோயில், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் இதே பெட்டிதானே போகிறது?

இனி பிக்கப். 1914-ல் டெட்ராய்ட்டில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர், ஒரு மரவியாபாரியின் படகை ஃபோர்டு காருக்குப் பின்னால் இழுக்க ரெண்டு சக்கர வண்டி ஒன்று செய்து கொடுத்தார். பெரிய டிரெய்லர் தொழில் ஒன்று அதிலிருந்து கிளம்பியது. வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் பிக்கப்பில் உருண்டைக் கொக்கி போட்டுப் படகோ கேரவனோ இழுக்கும்போது அடிக்கடி நடக்கிற ஒரு தப்பு உண்டு. ரெண்டு அங்குலக் குழிக்கு 1⅞ அங்குல உருண்டையை மாட்டுவது. பார்த்தால் பொருந்தின மாதிரியே இருக்கும், பூட்டும். ஒரு பள்ளத்தில் குதித்ததும் கழன்றுவிடும். 

நம் ரோட்டில் உருண்டை அபூர்வம். இங்கே பிக்கப்புக்குப் பின்னால் மிக்சர், கம்ப்ரசர், ஜெனரேட்டர். அதை மாட்டுவது பட்டறையில் வெல்டிங் வைத்த ஒரு பட்டை. வேங்கிக்கால் பக்கம் ஒரு பட்டறைக்காரரிடம் இதைப் பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது: "பின் ஒடியறது கம்மி சார். கழண்டு மேல வர்றதுதான் அதிகம். ஸ்பீட் பிரேக்கர்ல குதிச்சா பின் எகிறும். கீழ லாக் இருந்தா எகிறாது. லாக் தொலைஞ்சிடும், கட்டுக்கம்பிய சுத்திடுவாங்க. அப்புறம் பின்னும் தொலைஞ்சிடும், சைட்ல கெடக்கற கட்டடக் கம்பிய வெட்டிப் போட்டுக்குவாங்க."

கட்டடக் கம்பி காங்கிரீட்டுக்குள் இழுவிசை தாங்கச் செய்தது. பின்னுக்கு வருவது வெட்டு விசை, அதுவும் ஒவ்வொரு குலுங்கலிலும் ஒரு சுத்தியல் அடி. ஓட்டை வட்டமாக இருந்தது முட்டை வடிவத்துக்குத் தேய்ந்துவிட்டால் அடி இன்னும் பலமாக விழும். ஓட்டை தேய்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாலே தெரியும் என்கிறார் அவர், வண்டி ஆஃபில் இருக்கும்போது.

சங்கிலியைப் பற்றியும் கேட்டேன். பின் போனாலும் பெட்டி தனியாக ஓடாமல் இருக்க ரெண்டு சங்கிலி, தண்டுக்கு அடியில் குறுக்காகப் போட வேண்டும்; தண்டு கீழே விழுந்தால் அந்தக் குறுக்குச் சங்கிலி தொட்டில் மாதிரி ஏந்திக்கொள்ளும், மூக்கு தார் ரோட்டில் குத்தாது. "கேக்கறவங்க இருக்காங்களா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒருத்தர் கேட்டார் சார். அவரோட பெட்டி ஒரு தடவ கழண்டு, ரோட்டத் தாண்டி எதிர்ல வந்த ஸ்கூட்டருக்கு ஒரு முழம் முன்னாடி நின்னுச்சாம். அடுத்த நாள் காலைல ஏழு மணிக்கு நான் ஷட்டர் தூக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னார்" என்றார்.