காற்றும் தாமதமும்: நெடுந்தொலைவு ரைபிள் போட்டியில் தோட்டாத் தேர்வு

வேகமாகப் போகும் குண்டு காற்றில் குறைவாகவே விலகும் என்பது இலக்குச் சுடுநரிடையே வேரூன்றிய நம்பிக்கை. பறக்கும் நேரம் குறைந்தால் காற்று தள்ளுவதற்கான நேரமும் குறையுமே என்று அதற்கு நியாயம் சொல்வார்கள். இந்த நியாயத்தை .22 ரிம்ஃபயர் தோட்டா பொய்யாக்குகிறது. 40 கிரெய்ன் குண்டை விநாடிக்குச் சுமார் 375 மீட்டரில் அனுப்பும் அதிவேகத் தோட்டாவையும், அதே எடைக் குண்டைச் சுமார் 326 மீட்டரில் அனுப்பும் சாதாரண வேகத் தோட்டாவையும் 100 கெஜத்தில் ஒப்பிட்டால், முன்னது முதலில் இலக்கை அடைகிறது. ஆனாலும் பக்கக்காற்றில் அதுவே கூடுதலாக விலகுகிறது. ஒலியின் வேகத்தை ஒட்டிய எல்லையில் காற்றுத்தடை செங்குத்தாக ஏறுகிறது. அந்த எல்லைக்கு மேலே கிளம்பும் குண்டு, கூடுதலாகப் பெற்ற வேகத்தில் பெரும்பகுதியை முதல் 100 கெஜத்திலேயே இழந்துவிடுகிறது. போட்டிக்கென்று செய்யப்படும் ரிம்ஃபயர் தோட்டாக்கள் ஒலிவேகத்துக்குக் கீழேயே வைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்று குண்டின் விலாவில் மோதித் தள்ளுகிறது என்று கற்பனை செய்வதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. சுழற்சியால் நிலைபெற்ற குண்டு, தன்னை எதிர்கொள்ளும் காற்றோட்டத்தை நோக்கித் தன் முனையைச் சற்றே திருப்பிக்கொள்கிறது. அதன்பின் காற்றுத்தடை நேர் பின்னோக்கி இழுக்காமல் கொஞ்சம் பக்கவாட்டிலும் இழுக்கிறது. விலகலுக்குக் காரணம் அந்தப் பக்கவாட்டு இழுப்புதான். ஆகவே தடையே இல்லையென்றால் விலகலும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எறிபடையியல் அறிஞர் இசிதோர் திதியோன் பெயரால் வழங்கும் சூத்திரம் இதைச் சுருக்கித் தருகிறது: பக்கக்காற்றின் வேகத்தைத் தாமதத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும். உண்மையான பறப்பு நேரத்திலிருந்து, காற்றே இல்லாத வெளியில் அதே தூரத்துக்கு ஆகும் நேரத்தைக் கழித்தால் வருவது தாமதம். என் வாதம் இதைப் பற்றியே நிற்கிறது: காற்றுக்காகத் தோட்டா தேர்பவர் ஒப்பிட வேண்டியது இந்தத் தாமதத்தை. வேகமும் எடையும் அதன் வழியாகவே கணக்கில் வர வேண்டும்.

1000 கெஜத்துக்கு, அதாவது 914 மீட்டருக்கு, வருவோம். .308 வின்செஸ்டர் தோட்டாவில் 155 கிரெய்ன் குண்டு சுமார் 900 மீ/வி வேகத்தில் கிளம்புகிறது. வெற்றிடத்தில் அதற்கு 1.02 விநாடி போதும்; காற்றில் ஏறத்தாழ 1.57 ஆகிறது. தாமதம் 0.55 விநாடி. பக்கக்காற்றை விநாடிக்கு அரை மீட்டர் தவறாகக் கணித்தால் குண்டு 27 சென்டிமீட்டர் தள்ளி விழும். பால்மா எனும் நெடுந்தொலைவுப் போட்டியின் இலக்கில் முழுப் புள்ளி தரும் வட்டத்தின் குறுக்களவு 20 அங்குலம். நடுவிலிருந்து 25 சென்டிமீட்டர் தாண்டினாலே புள்ளி போய்விடும். அரை மீட்டர் வேறுபாட்டைக் காற்றுக்கொடியின் அசைவில் பிரித்தறிவது தேர்ந்த கண்ணுக்கும் கடினம்.

அதே .308-இல் 200 கிரெய்ன் நீள்வடிவக் குண்டு வைத்தால் கிளம்பும் வேகம் 810 மீட்டருக்கு இறங்கிவிடும். வெற்றிட நேரம் 1.13 விநாடி; காற்றில் ஆவதோ, இதற்கும் ஏறத்தாழ 1.57. இரண்டு குண்டுகளும் ஒரே சமயத்தில் இலக்கைத் தொடுகின்றன, ஆனால் இதன் தாமதம் 0.44. பறப்பு நேரம் மாறாதபோதும் விலகல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது! நேரத்தைக் காரணம் காட்டும் பழைய நியாயத்துக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை. குண்டின் எடையைக் கட்டுப்படுத்தாத எஃப்/டிஆர் பிரிவில் போட்டியாளர்கள் 185, 200 கிரெய்ன் என்று கனத்தை நோக்கிப் போனது இந்தக் கணக்கால்தான். இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. நீண்ட குண்டு நிலைபெறக் குழலின் முறுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும்: 155-க்கு 13 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதுமென்றால், 200-க்குப் பத்து அங்குலத்துக்கு ஒன்று. எனவே தோட்டாவைத் தேர்வது பாதியளவு குழலையும் தேர்வதுதான். பின்னுதையும் கூடும், கிடந்து சுடுபவர் தோளுக்கு அது தெரியும்.

தாமதம் குறைந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஒரே சீராக வீசும் காற்றில் விலகல் இரண்டரை மீட்டரானாலும் குறிகாட்டியைத் திருப்பி ஈடுசெய்யலாம். காற்றின் வழியாகப் புள்ளியைப் பறிப்பது கவனத்துக்குத் தப்பிய மாற்றம் மட்டுமே. காற்று சீராக வீசும் நாளில் தோட்டாவுக்குத் தோட்டா வேகம் ஒத்திருப்பதே பெரிது. கிளம்பும் வேகம் 3 மீ/வி குறைந்தால் 1000 கெஜத்தில் குண்டு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் தாழ்ந்து விழும். இதை எந்தக் காற்றுக்கொடியும் முன்னறிவிக்காது. எஃப்/டிஆர் அடங்கிய எஃப்-கிளாஸ் போட்டியின் இலக்கில் முழுப் புள்ளி வட்டம் 10 அங்குலம்தான். அதன் மேல்கீழ் இடத்தை வேக வேறுபாடு தின்றுவிட்டால், வட்டத்தின் ஓரத்தில் காற்றுப் பிழைக்கு எஞ்சும் அகலமும் சுருங்கிவிடுகிறது. தாமதம் குறைந்த, ஆனால் வேகம் ஒழுங்கில்லாத தோட்டாவை மாறிமாறி வீசும் காற்றுக்கு வேண்டுமானால் ஒப்புக்கொள்வேன். சீரான காற்றில் அது வீண். காற்றுத்தடையைக் குண்டு எவ்வளவு சமாளிக்கும் என்று காட்டும், பெட்டியில் அச்சிட்ட பாலிஸ்டிக் குணகத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் இந்த இரண்டாவது கணக்கைப் போடுவதேயில்லை. அந்த எண்ணும் பெரும்பாலும் தட்டையடிக் குண்டுக்குரிய ஜி1 அளவுகோலில் தரப்பட்டது. வால் ஒடுங்கிய நெடுந்தொலைவுக் குண்டுகளுக்கு ஜி7 அளவுகோலே பொருந்தும்.

எல்லாம் காற்றைப் படிப்பதில்தான் இருக்கிறது, தோட்டா இரண்டாம்பட்சம் என்போரும் உண்டு. இங்கிலாந்தின் பிஸ்லி மரபு அவர்களுக்குச் சார்பாகப் பேசுகிறது. 1860-இல் விம்பிள்டனில் தொடங்கி 1890-இல் பிஸ்லிக்கு இடம்மாறிய தேசிய ரைபிள் சங்கத்தின் ஆண்டுப் போட்டியில், மன்னர் பரிசின் இறுதிச் சுற்று 900, 1000 கெஜங்களில் தலா 15 குண்டுகள். எல்லோருக்கும் ஒரே தோட்டாவை அமைப்பாளர்களே வழங்குவது அங்கே நெடுநாள் வழக்கம். அனைவருக்கும் தாமதம் ஒன்றானபின் எஞ்சுவது கண்ணும் தீர்ப்பும்தான். பன்னாட்டு டார்கெட் ரைபிள் விதி .308 குண்டை 156 கிரெய்னுக்குக் கீழ் நிறுத்துவதும் அதே நோக்கத்துக்கு உதவுகிறது. ஆனால் இந்தச் சான்றை அவர்கள் தலைகீழாக வாசிக்கிறார்கள். தோட்டாவால் வேறுபாடே வராது என்றால் அதற்கு வேலி போட வேண்டிய அவசியம் என்ன? எடை வரம்புள்ள பிரிவில் 155-க்குள்ளேயே வடிவத்தாலும் வேக ஒழுங்காலும் சிறிதளவு ஆதாயம் தேட வேண்டியிருக்கிறது. வரம்பற்ற பிரிவில் தாமதத்தையே வெட்டலாம். எந்தப் பிரிவில் நிற்கிறோம் என்று பார்த்த பிறகே தோட்டாப் பட்டியலைத் திறப்பது நல்லது.