வி. ஆர். கிருஷ்ணய்யர்

வைத்தியநாதபுரம் ராம கிருஷ்ணய்யர் (நவம்பர் 15, 1915 – டிசம்பர் 4, 2014) இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி ஆவார். இந்தியாவில் நீதிபதிகள் நியமிக்கப்படுகிறார்களே தவிர, மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை. ஆகவே வாக்குக் கேட்டு வென்றும் தோற்றும் பழகிய ஒருவர் உச்ச நீதிமன்றம் சென்றது அரிய நிகழ்வாகும்.

இளமை

பாலக்காட்டைச் சேர்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை சட்டக் கல்லூரியிலும் பயின்றபின் தலச்சேரியில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். பொதுவுடைமையருக்குச் சட்ட உதவி அளித்தமைக்காக 1948 இல் சிறை வைக்கப்பட்டார்.

தேர்தல்கள்

1952 இல் கூத்துபறம்பு தொகுதியில் சுயேச்சையாக வென்று சென்னை மாகாண சட்டமன்ற உறுப்பினரானார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. கேரளம் உருவானபின் 1957 இல் தலச்சேரியில் பொதுவுடைமைக் கட்சியின் ஆதரவுடன் வென்று, ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு அமைச்சரவையில் சட்டம், சிறை, மின்சாரம், நீர்ப்பாசனம் உள்ளிட்ட துறைகளைக் கவனித்தார். அவ்வரசு 1959 சூலை 31 இல் கலைக்கப்பட்டது. 1960 தேர்தலில் மிகச் சொற்ப வாக்குகளில் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். தேர்தல் வழக்குத் தொடுத்து வென்றபின்னரே உறுப்பினராக முடிந்தது. 1965 இல் தோல்வியுற்று வழக்கறிஞர் தொழிலுக்குத் திரும்பினார்.

நீதிபதியாக

1968 இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1973 இல் உச்ச நீதிமன்றத்திற்கு நியமிக்கப்பட்டபோது, அரசியல்வாதியாக இருந்தவர் என்று வழக்கறிஞர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்த ஐயத்திற்கான சோதனை இரண்டே ஆண்டுகளில் வந்தது.

ரேபரேலி தொகுதியில் இந்திரா காந்தி 1971 இல் பெற்ற வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 1975 சூன் 12 இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டின்போது உச்ச நீதிமன்றத்தில் கோடை விடுமுறை. விடுமுறைக்கால நீதிபதி கிருஷ்ணய்யர். அப்போதைய சட்ட அமைச்சர் தம்மைச் சந்திக்க விரும்பியதையும், மனுவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்தால் போதும் என்று தாம் மறுத்ததையும் அவரே பின்னாளில் கூறியுள்ளார். சூன் 24 இல் நிபந்தனையுடன் தடை வழங்கினார். இந்திரா பிரதமராகத் தொடரலாம், அவையில் பேசலாம். உறுப்பினராக வாக்களிக்கவோ ஊதியம் பெறவோ கூடாது. முழுத் தடை கேட்டவருக்கும் பதவி விலகல் கேட்டவர்களுக்கும் இது நிறைவளிக்கவில்லை. மறுநாள் இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது.

மொகிந்தர் சிங் கில் வழக்கில் (1977) தேர்தல் ஆணையத்தின் அதிகாரம் விரிவானது என்றும், ஆயினும் அது இயற்கை நீதிக்கு உட்பட்டதே என்றும் தீர்ப்பெழுதினார். ஓர் ஆணையை அதில் கூறப்பட்ட காரணங்களைக் கொண்டே மதிப்பிட வேண்டும், பின்னர் பிரமாணப் பத்திரத்தில் புதிய காரணங்களைச் சேர்க்கலாகாது என்ற விதி இத்தீர்ப்பினால் பரவலாக அறியப்பட்டது. பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் (1978) "தொழில்" என்பதற்கு அவர் அளித்த விரிந்த பொருள், மருத்துவமனை, கல்வி நிலையம் போன்றவற்றின் பணியாளர்களையும் தொழில் தகராறுச் சட்டத்திற்குள் கொண்டுவந்தது. அவரது ஆங்கில நடை கடினமானது. சட்ட மாணவர்கள் அகராதியுடன் அமர வேண்டியிருக்கும்.

குடியரசுத் தலைவர் தேர்தல்

1980 இல் ஓய்வு பெற்றார். 1987 இல் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று 2,81,550 வாக்கு மதிப்புப் பெற்றார். 7,40,148 பெற்று வென்ற ஆர். வெங்கட்ராமனும் சென்னை சட்டக் கல்லூரியில் பயின்றவரே. கிருஷ்ணய்யருக்கு 1999 இல் பத்ம விபூசண் விருது வழங்கப்பட்டது. கொச்சியில் காலமானார்.